கழுத்து மட்டும் குடுங்க அத்தை

ஜூன் 9, திங்கள்

சாப்பிடுவதை ஒன்று விடாமல் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் சர்க்கரை டாக்டர். டயர் கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மாதான் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

காலை இட்லி, தக்காளிச் சட்னி. மதியம் சோறு கொஞ்சம், கீரை, மோர். மாலை சர்க்கரை போடாத காப்பி. ராத்திரி கோதுமை தோசை.

மருமகள் வரும்போது தேங்காய் பன் வாங்கி வந்தாள். அது அவள் கணக்கு.

ஜூன் 11, புதன்

டாக்டர் இதையெல்லாம் படிக்கப் போவதில்லை என்று தோன்றுகிறது. அதனால் மற்றதையும் எழுதலாம்.

மருமகள் பெயர் சிந்துஜா. மேட்டுப்பாளையத்துப் பெண். என் பையன் பிரகதீஷுக்குக் கட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. அவனுக்கு மஸ்கட்டில் வேலை. இவள் இங்கே சிங்காநல்லூரில் எங்களோடு இருந்துகொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஜுஜுட்சு வகுப்பு நடத்துகிறாள். அடி உதை எதுவும் கிடையாது. கீழே தள்ளுவது, மேலே ஏறி அமுக்குவது, கையை மடக்குவது, கழுத்தை நெரிப்பது. கல்யாணப் பேச்சின்போது பையன் இதைத்தான் பெருமையாக எல்லோருக்கும் சொன்னான். நான் சொந்தக்காரர்களிடம் "கராத்தே மாதிரி" என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்று காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அத்தை, காலை பேட்ச்ல ஒத்தப்படையா நிக்குதுங்க. ரெஜினா அக்காவுக்கு ஜோடி இல்ல. நீங்க சும்மா வந்து உக்காந்தாப் போதும்."

"உக்காந்து?"

"கழுத்து மட்டும் குடுங்க அத்தை. மத்ததை அவங்க பாத்துக்குவாங்க."

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்து நாலு வயதில் கழுத்தைக் கொண்டுபோய் யாரிடமாவது கொடுப்பார்களா? இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல? மாடிப்படி ஏறி எறங்கறது நடக்கற மாதிரிதான்," என்றார்.

ஜூன் 16, திங்கள்

டாக்டர் சொன்னாரே என்றுதான் போனேன்.

முதல் சிக்கல் தாலிக்கொடி. கழுத்தில், கையில், காதில் எதுவும் இருக்கக் கூடாதாம். விரல் மாட்டினால் ஒடிந்துவிடும். வளையலைக் கழற்றினேன். கொடியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றேன். வண்டியில் கொண்டுவந்து விட்ட இவர் படிக்கட்டிலேயே இருந்தார். "கட்டுனவன் நான்தானே, எங்கிட்டக் குடு," என்று வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டு, மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரமும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ரெஜினா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். என் பின்னால் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கோங்கக்கா," என்றுவிட்டுக் கையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். சிந்துஜா எல்லோருக்குமாக விளக்கினாள்.

"குரவளைய நசுக்கக் கூடாது. அது வலிக்கும், ஆபத்தும்கூட. முழங்கை மடிப்பு தாடைக்கு நேர் கீழ வரணும். அப்ப மேல்கை ஒரு பக்கம், முன்கை ஒரு பக்கம். கழுத்துல ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் போற குழாய் இருக்குதுல்ல, அது ரெண்டையும் அமுக்கறோம். அவ்ளோதான். சரியாப் புடிச்சா வலியே தெரியாது, கண்ணு இருட்டும். இருட்டறதுக்கு முன்னாடி தட்டிரணும். கையால, காலால, எதுல வேணாலும் தட்டலாம். தட்டினா அந்த நொடியே விடணும். தட்டாமயே ஆளு தளந்தாலும் விடணும். தட்டினவங்க நாளைக்கும் வரலாம்."

ரெஜினா இறுக்கினாள். நான் உடனே தட்டினேன். "அக்கா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல," என்றாள்.

கீழிருந்து முட்டை பப்ஸ் வாசனை வந்துகொண்டே இருந்தது. அதுதான் உண்மையான சித்திரவதை.

ஜூன் 17, செவ்வாய்

எழுந்திருக்க முடியவில்லை. உடம்பில் எனக்கே தெரியாத இடங்களில் எல்லாம் சதை இருக்கிறது. சமையல் இவர். ரசம் என்று ஒன்று வைத்தார்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று பிடிக்கிற முறை எனக்கு. ரெஜினாவைப் பின்னாலிருந்து அணைத்து, கையைச் சுற்றி, என்னால் முடிந்த மட்டும் இறுக்கினேன். "அக்கா, அது என் பல்லு," என்றாள். தாடையைப் பிடித்திருக்கிறேன்.

சிந்துஜா வந்து என் கையைத் திருத்தினாள். இந்தக் கை அந்தக் கையின் புஜத்தைப் பற்ற வேண்டும். அந்தக் கை அவள் பின்தலைக்குப் போக வேண்டும். "கை பலத்தப் போடாதீங்க அத்தை. முதுகை நிமித்தி, நெஞ்ச விரிச்சு, மூச்ச இழுங்க. மீதிய அது பாத்துக்கும்."

மூச்சை இழுத்தேன். ரெஜினாவின் கழுத்து நாடி என் கையில் குதிப்பது தெரிந்தது. சட்டென்று அவள் கை என் முழங்கையில் பட்பட்டென்று தட்டியது.

பந்தியில் சோறு போடும்போது தவிர, என் கைக்கு ஒருவர் "போதும்" என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

மதியம் புடலங்காய்க் கூட்டு. சாயங்காலம் ஒன்றும் சாப்பிடவில்லை, பசியே தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

இவர் பம்புசெட் கம்பெனியில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். எதையும் பைப்பாகத்தான் பார்ப்பார். சோபாவில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் பின்னாலிருந்து பிடித்துக் காட்டினேன்.

"அட, ரெண்டு டெலிவரி லைனையும் ஒரே வால்வுல அடைக்கறாப்பல," என்று ரசித்துச் சொன்னவர், திடீரென்று ரிமோட்டால் என் கையில் அடித்தார். தட்டுகிறாராம். விட்டேன். முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். சேனல் மாறி ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

"கலாமணி," என்றார். முழுப் பெயரையும் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று! "இனிமே உங்கிட்ட ஜாக்கிரதையா இருக்கோணும்."

ஜூலை 8, செவ்வாய்

பிரகதீஷ் பேசினான். எடுத்ததும், "அவ எங்க?"

"கிளாஸுக்குப் போயிருக்கா கண்ணு."

"எப்பப் பாரு கிளாஸு. ஃபேமிலி விசா வந்துரும்மா. அடுத்த மாசக் கடைசில கூட்டிட்டுப் போயர்றேன். அவகிட்ட நீ ஒண்ணும் சொல்லிக்காத, நானே சொல்லிக்கறேன்."

"வகுப்பை என்ன பண்றது?"

"மூடறதுதான். அது என்ன ஸ்கூலா?"

அவன் சொல்வதும் நியாயம்தான். புருஷன் ஓர் ஊரில், பெண்டாட்டி ஓர் ஊரில் எத்தனை நாளைக்கு இருப்பது? அவள் போனால் எங்களுக்கும் வீடு அமைதியாக இருக்கும். வாஷிங் மெஷினில் தினமும் அந்தக் கனத்த உடுப்புகள் தடதடவென்று சுற்றாது. குளியலறை முழுக்க அவள் தலைமுடி கிடக்காது. ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அன்றைக்கு யார் யாரை எப்படிக் கவிழ்த்தார்கள் என்று உப்புக் கிண்ணத்தையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் வைத்து யாரும் விளக்க மாட்டார்கள்.

நானும் வகுப்புக்குப் போவதை அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

கத்தரிக்காய் நன்றாக இல்லை. எதுவுமே நன்றாக இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

எனக்கும் வெள்ளை உடுப்பு வந்துவிட்டது. சணல் சாக்கைத் தைத்துப் போட்டதுபோல் இருக்கிறது. இந்தச் சட்டையின் காலரை வைத்தே கழுத்தை நெரிக்கலாமாம். எதிராளியின் காலருக்குள் ஒரு கையைப் பிடரி வரைக்கும் ஆழமாக விட்டு, அடுத்த கையைக் குறுக்கே கொண்டுபோய் மறுபக்கம் பற்றி, முழங்கைகளை நம் பக்கம் இழுக்க வேண்டும். கல்லூரிப் பெண் ஒருத்தியை இன்று அப்படித் தட்ட வைத்தேன். அவள் எழுந்து, "ஆண்ட்டி, சூப்பர்," என்று கை குலுக்கினாள். சிந்துஜா தூரத்தில் நின்று பார்த்தாள்.

வீட்டுக்கு வரும்போது வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே இவர் சொன்னார். "அந்த டெலிபோன் எக்சேஞ்ச் வேலைக்கு நீ போயிருக்கலாம். எங்கம்மா வேண்டாம்னப்ப நானும் சும்மா இருந்துட்டேன்."

"இப்ப எதுக்கு அது?"

"சும்மா தோணுச்சு."

அதை எதற்கு இங்கே எழுதுவது? மதியம் பாகற்காய் வறுவல். கொஞ்சம் எண்ணெய் அதிகம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் மூன்றும் சிந்துஜாவும் நானும் சேர்ந்து கிளறினோம். பையன் சனிக்கிழமை லீவில் வருகிறான். அதனால் அவள் கலகலவென்று இருப்பாள் என்று நினைத்தேன். தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். துருவி முடித்த பிறகும் துருவினாள்.

"என்ன அம்மிணி?"

"அவரு கூப்பிடறப்பெல்லாம் நான் கிளாஸ்லயே இருக்கேனாமுங்க."

"ஆமா, அப்படித்தான் எங்கிட்டயும் சொன்னான்."

"அவரு கூப்பிடறதே கிளாஸ் நேரத்துலதாங்க அத்தை."

அங்கே மணி எத்தனை, இங்கே மணி எத்தனை என்று அவனுக்குக் குழப்பமாக இருக்கும் என்றேன். ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். அவன் இன்ஜினியர்.

ஆகஸ்ட் 9, சனி

பிரகதீஷ் வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். முடி முன்னால் கொஞ்சம் கொட்டியிருக்கிறது. மட்டன் குழம்பு, கோழி வறுவல், அரிசிம்பருப்புச் சாதமும் கேட்டான். மூன்றையும் செய்தேன்.

பால்கனிக் கொடியில் காய்ந்த உடுப்பைப் பார்த்து, "என்ன சிந்து, குண்டாயிட்டியா?" என்று சிரித்தான்.

"அது அத்தையோடதுங்க."

அவன் என்னைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. அவன் நிறுத்தவில்லை. தன் சித்தப்பாவுக்குப் போன் போட்டும் சொன்னான். தாலியைக் கழற்றி வைப்பதையும் சொன்னான். அதை அவனுக்கு யார் சொன்னது என்று இவரைப் பார்த்தேன். இவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாப்பிடும்போது சொன்னான். இரண்டு டிக்கெட் போட்டுவிட்டானாம். இருபத்தெட்டாம் தேதி.

சிந்துஜா பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

"எதைக் கேக்கறது? பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறதுக்கு அப்ளிகேஷன் போடணுமா?"

"வரலைன்னு சொல்லலைங்க. கேட்டிருக்கலாம்னேன்."

அவள் எல்லோருக்கும் மோர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். நான் பேசவில்லை. அவர்கள் விஷயம்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பிரகதீஷ் தரையில் காலை நீட்டி, சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இவரும் இருந்தார். சிந்துஜா அடுப்படியில். நான் சாயங்கால வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நெஜமாச் சொல்லு. இதெல்லாம் வெளிய வேலைக்காகுமா? அவதான் சின்ன வயசுல இருந்து ஏதோ பண்ணிட்டு இருக்கா. நீயும் போய் உருண்டுட்டு இருக்கற. ஒரு ஆம்பள வந்து நின்னா என்ன பண்ணுவ?"

"தெரியாது கண்ணு."

"எங்க, என்னையப் புடி பாக்கலாம்."

வேண்டாம் என்றேன். அவன் சும்மா வா என்றான். கைபேசியை வேறு எடுத்து, படம் பிடிக்கச் சொல்லி அப்பாவிடம் நீட்டினான். சோபாவில் அவன் பின்னால் உட்கார்ந்தேன். கையைச் சுற்றினேன். அவன் தாடையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, "அவ்ளோதானா? இன்னும் புடிக்கவே இல்லையா?" என்றான். அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். சிரித்தபோது தாடை மேலே போயிற்று. என் கை உள்ளே போயிற்று. புஜத்தைப் பற்றினேன். பின்தலைக்குக் கை போயிற்று. முதுகை நிமிர்த்தி மூச்சை இழுத்தேன்.

அவன் சிரிப்பு நின்றது.

"தட்டுடா கண்ணு," என்றேன்.

அவன் தட்டவில்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து இழுத்தான். பலமான கைகள். ஆனால் அது கையால் பிரிகிற பிடி இல்லை.

"தட்டீர்ரா," என்றார் இவர். "பிரகதீஷு, தட்டு!"

அவன் என் கையை விட்டான். தட்டப் போகிறான் என்று நினைத்தேன். கைகள் தரையில் விழுந்தன. தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. தூங்குகிறவன் தலை மாதிரி அவன் தலை என் கை மேல் கனத்தது. குழந்தையில் தோளில் தூங்கிப்போனால் இதே கனம்தான்.

"அத்தை, விடுங்க!"

சிந்துஜா எப்படி வந்தாள் என்று தெரியாது. என் கையைப் பிரித்து, அவனை மெல்லத் தரையில் சாய்த்து, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே "பிரகதீஷ், பிரகதீஷ்" என்றாள். பெயர் சொல்லி அவள் அவனைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. இவர் கையில் போனோடு அப்படியே நின்றார்.

சில நொடிகள்தான் இருக்கும். கண்ணைத் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பார்வை. சுற்றும் முற்றும் பார்த்து, என் முகத்தில் நின்று, "ஸ்கூல் பஸ் போயிருச்சாம்மா?" என்றான்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.

சிந்துஜா என்னை ஒரு வார்த்தை தேற்றவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாள். "தளந்தா விடணும்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்? கழுத்த யாரும் வெளையாட்டுக்குப் புடிக்கக் கூடாதுன்னும் சொல்லிருக்கேன். நீங்களும் கேக்கல, அவரும் கேக்கல." பிறகு அவனை எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒன்றும் இருக்காது என்றாலும் காட்டிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு எல்லோரையும் கிளப்பினாள்.

டாக்டர் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"ஜிம்ல ஒருத்தர் புடிச்சாருங்க," என்றான் பிரகதீஷ்.

"நல்ல பெரிய ஆளா?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன்.

ஒன்றுமில்லை, இரண்டு நாள் ஓய்வாக இருக்கட்டும், யாராவது கூடவே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ராத்திரி சிந்துஜா கேட்டாள். "அத்தை, கோவத்துல இருந்தீங்களா?" இல்லை என்றேன். அவன் தட்டுவான் என்று காத்திருந்தேன், வேறு ஒன்றும் இல்லை. அதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

வேறு ஒன்றும் இல்லை.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 16, சனி

இரண்டு நாளாக அவன் என்னிடம் பேசவில்லை. நானும் வகுப்புக்குப் போகவில்லை. இன்று காலை சிந்துஜா வந்து என் உடுப்பைக் கட்டிலில் வைத்தாள். "கெளம்புங்க." அவனிடமும், "தனியா இருக்கக் கூடாதுன்னாரு டாக்டர். நீங்களும் வாங்க," என்றாள்.

அவன் இவரோடு படிக்கட்டில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒன்றரை வருஷத்தில் அவள் வகுப்பு எடுத்து அவன் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கைதட்டினால் அத்தனை பேரும் அப்படியே நிற்கிறார்கள். கழுத்துப் பிடியில் பயந்து அழுத ஒரு பெண்ணை ஓரமாகக் கூட்டிப்போய், தன் கழுத்தை அவளிடம் கொடுத்து, "நீ என்னையப் புடி. எப்ப விடணும்னு நீயே பாரு," என்றாள். அந்தப் பெண் அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு உருண்டாள்.

நான் ரெஜினாவைப் பிடிக்கவில்லை. கை போகவில்லை. அவளே என் கையை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, உடனே தட்டினாள். நான் விட்டேன். மறுபடி சுற்றினாள், தட்டினாள், விட்டேன். இப்படியே இன்றைய வகுப்பு முடிந்தது.

கீழே பேக்கரியில் எல்லோரும் டீ குடித்தோம். பிரகதீஷ் எனக்குச் சர்க்கரை இல்லாமல் சொன்னான். பிறகு, இரண்டு நாள் கழித்து முதல் தடவையாக என்னிடம் பேசினான்.

"ஏம்மா விடல?"

"நீ ஏன்டா தட்டல?"

"அம்மாகிட்டப் போய் எப்படித் தட்டறது?"

"எல்லாரும் எங்கிட்டத் தட்டறாங்க. உங்கப்பா ரிமோட்டுலயே தட்டுனாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை சீக்கிரமே நிறுத்தினான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அவர்கள் அறையில் வெகு நேரம் பேச்சு. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இவர் குறைத்தார். நான் கூட்டினேன்.

கதவைத் திறந்துகொண்டு பிரகதீஷ் வந்தான். பின்னாலேயே அவள். "அம்மா, நீயே சொல்லு. அவ வரணுமா வேண்டாமா?"

அவர்கள் விஷயம் என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "அவளை அனுப்ப முடியாது. எனக்கு அவ இங்க வேணும்."

சிந்துஜா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்கு நான் அங்க வேணும். உங்களுக்கு நான் இங்க வேணும். ரெண்டு பேருமே என்னைய ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

இவர் டிவியை அணைத்துவிட்டு, "நான் கேக்கறேன். நீ சொல்லு சாமி, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மனுஷன் இதே கேள்வியை... போகட்டும்.

அவள் உட்கார்ந்தாள். யோசித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். வகுப்பை மூட மாட்டாள். பிரகதீஷைப் பார்க்காமல் இருப்பதும் அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. டிசம்பரில் இரண்டு மாதம் மஸ்கட் போவாள். அந்த இரண்டு மாதமும் சனி, ஞாயிறில் திருப்பூரிலிருந்து அவள் தோழி வந்து வகுப்பு எடுப்பாள். மற்ற நாள்களில் ரெஜினாவும் நானும் ஹாலைத் திறந்து, கற்றதையே பழக வேண்டும். "அடுத்த வருஷம் இவரு ஒப்பந்தம் முடியுது. அதுக்கப்புறம் எங்க இருக்கறதுன்னு உக்காந்து பேசணும். பேசணும்னா நானும் பேசுவேன்."

பிரகதீஷ் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தான். "டிசம்பர்ல அங்க நல்லா குளுகுளுன்னு இருக்கும்," என்றான் கடைசியாக.

எனக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்று தெரியவில்லை. இரண்டு மாதம் என்றால் நீளம்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஏர்போர்ட்டுக்கு நாலு பேரும் போனோம். ஒருவன் மட்டும் உள்ளே போனான். போகும் முன் என்னைக் கட்டிப்பிடித்தான். என் கை தன்னால் அவன் கழுத்தைச் சுற்றிப் போயிற்று. அவன் சட்டென்று என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான்.

உடனே விட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

சர்க்கரை குறைந்திருக்கிறது. டாக்டர், "நடக்கறீங்களா?" என்றார். "கழுத்த நெரிக்கறேங்க," என்றார் இவர் எனக்குப் பதிலாக. டாக்டர் மாத்திரையைக் குறைத்து எழுதினார், அவசரமாக.

டிசம்பர் 5, வெள்ளி

சிந்துஜா ஏறிவிட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது. இப்படி ஒரு அமைதி எனக்குத் தேவையே இல்லை.

வாஷிங் மெஷினில் என் உடுப்பைத் தனியாகப் போட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

போனில் அவள் முகம். மஸ்கட்டில் ஒரு ஜிம்மில் பாய் விரித்திருக்கிறார்களாம், போய்ப் பார்த்துவிட்டாளாம். பின்னால் பிரகதீஷ் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "என்னையும் சேத்துவிட்டுட்டாம்மா," என்றான். குறை சொல்கிற குரல்தான். ஆனால் போனை அவள் கையிலிருந்து வாங்கி, என்ன என்ன கற்றுக்கொண்டான் என்று கால் மணி நேரம் அவனே சொன்னான்.

டிசம்பர் 11, வியாழன்

காலையில் ஹாலை நான் திறந்தேன். ரெஜினாவுக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட். பாயைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தேன். புதிதாக ஒரு பெண் வந்தாள், பெயர் தேன்மொழி. என் வயதுதான் இருக்கும், ரேஷன் கடையில் வேலை. சனிக்கிழமைதான் டீச்சர் வருவார் என்றேன். பரவாயில்லை, சும்மா பார்க்கிறேன் என்று சுவரோரம் உட்கார்ந்தாள். எல்லோரும் பழகி முடித்துப் போன பிறகும் போகவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? இதுல ஆளு மயங்கிருவாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?"

"தட்டாட்டி மயங்கிருவாங்க."

"நீங்க யாரையாச்சும் அப்படி மயங்க வெச்சிருக்கீங்களா?"

"ஒருத்தன."

"அய்யோ! கெட்டவனா?"

"இல்ல. நல்ல பையன்."

அவளுக்குப் புரியவில்லை. பாயில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தட்ட வேண்டும், எப்படித் தட்ட வேண்டும் என்று என் கையைக் காட்டினேன். அவள் பலமாகத் தட்டிப் பார்த்தாள். வலித்தது. இன்னொரு தடவை தட்டச் சொன்னேன்.